கல்யாண உலக்கையும் பின்டயரும்

என் தங்கை கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், பந்தியில் என்ன போட்டார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை அழைப்பு முடிகிற வரைக்கும் நான் ஒரே ஒரு சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மட்கார்டில் டயர் உரசுகிற சத்தம். அது வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நான் மதுரையில் ஒரு மில்லில் ஃபிட்டர். வீடு விளாங்குடி. அப்பாவுக்குத் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி நிலம், நெல் போடுவார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது. அந்தத் தெருவில் நான் ஒரு ஹெரால்டு கார் வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்காத ஆளே இல்லை. பிடித்தது, வாங்கினேன். கொடைக்கானலில் ஒரு எஸ்டேட்காரர் மழையில் போட்டு வைத்திருந்த வண்டி. உள்ளே கோழி அடைத்திருந்தார்கள்.

அந்த வண்டியில் மேல் டாப் தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் தூக்கி எடுத்துவிடலாம். எடுத்தேன். திறந்த கார் ஆகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வண்டி தரையோடு படிந்து நிற்க வேண்டும். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினேன். பின்பக்கம் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை உருவினேன். வண்டி இறங்கியது. ஆனால் வீல்கள் ஒல்லியாக மட்கார்டுக்குள் ஒளிந்து நின்றன. அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி இருந்தது.

ஆரப்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவன் என் கூட்டாளி. தடித்த ஆள், தடித்த நாக்கு. அவனும் நானும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். நாலு ரிம்மையும் நடுவே வட்டமாக அறுத்து, இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து அகலமாக்கித் தருவதாகச் சொன்னான்.

"எம்புட்டு வெளிய வரணும் மாப்ள?"

"மட்கார்டு விளிம்பும் டயரும் ஒரே மட்டமா இருக்கணும். பூசுன செவுரு மாதிரி. ஒரு நூல் வெளிய வரக் கூடாது, ஒரு நூல் உள்ள போகக் கூடாது."

ஒரு நூல் என்பது பட்டறைக் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. வெளியே நீட்டினால் பிரேக் இன்ஸ்பெக்டர் மடக்குவார். உள்ளே போனால் பார்க்கச் சகிக்காது. அவன் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, பட்டையை ரிம்மின் வெளிப்பக்கத்தில் வைத்து ஒட்டித் தொலைத்தான். நாலு டயரும் மட்கார்டைத் தாண்டி இரண்டு விரல் நீட்டிக்கொண்டு நின்றன. முதல் மழைக்கே ரேஷன் கடை வரிசை மேல் சேற்றை அள்ளி அடித்தேன். மண்ணெண்ணெய் டின்னோடு நின்ற ஒரு அம்மா, "காரு ஓட்டுறியா, நாத்துக்குத் தொழி அடிக்கிறியா?" என்று கேட்டது. 

மறுபடி அறுத்து, பட்டையை உள்பக்கம் மாற்றினான். இப்போது டயர் இரண்டு நூல் உள்ளே போய்விட்டது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் வெளியே நீட்டவில்லை. முதலில் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும்போது லேசாக உரசியது. மட்கார்டின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி ஒதுக்கினோம். பிறகு விளாங்குடியிலிருந்து திருநகர் வரை நான் தனியாகப் போய் வந்தேன். உரசவில்லை. முடிந்தது வேலை என்று நினைத்தேன். மடத்தனம்.

அந்த ஆனியில் கல்யாணம் என்று தங்கைக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை மேலூர்ப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி ஏற்பாடு பெண் வீட்டுப் பொறுப்பு. அப்பா டவுனில் ஒரு பெரிய திறந்த காரைச் சொல்லி வைத்துவிட்டு வந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வீட்டுல கார் நிக்கிறப்ப எவன் காருக்கு அலையுறீக?"

"அது காரா? தவளை மாதிரித் தரையோட ஒட்டிக் கெடக்கு."

"தவளையோ தேரையோ, அதுலதேன் மாப்பிள்ளை வாராரு. டவுன் காரை வேண்டாம்னு சொல்லிருங்க."

உள்ளே இருந்து தங்கை, "அப்பா, அண்ணன் காருலயே வரட்டும்ப்பா" என்றாள். அவள் அப்படிக் கேட்டு அப்பா மறுத்ததில்லை. மறுநாளே டவுன் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்: "ஊர்வலம் நடுவுல நிக்கக் கூடாது. ஒங்க அத்தையை ஒருதடவை நெனச்சுக்க."

அத்தை, அப்பாவின் அக்கா, கல்யாண வேலைக்காக எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்த குதிரை வண்டியின் அச்சு நடுத்தெருவில் முறிந்துவிட்டது. மாமா இறங்கி மிச்சத் தூரத்தை நடந்து வந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் புகுந்த வீட்டில் அவளுக்கு 'அச்சு முறிஞ்சவ' என்று பேர் வந்துவிட்டது. மாடு செத்தாலும் அவள்தான் காரணம், மழை பெய்யாவிட்டாலும் அவள்தான் காரணம். மாமா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. என் வண்டி நின்றால் என் தங்கைக்கும் மேலூரில் ஒரு பேர் காத்திருக்கிறது. இதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது பேச்சில்லை. மேலூர்க்காரர்களுக்கு இருந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் மில்லிலிருந்து வரும்போது வேறு ஒரு வீட்டு மாப்பிள்ளை அழைப்பு எதிரே வந்தது. சைக்கிளை ஓரம் நிறுத்திப் பார்த்தேன். மாப்பிள்ளை சீட்டில் உட்காரவில்லை. எல்லாருக்கும் தெரிய வேண்டுமே, பின்சீட்டின் முதுகு மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அடைந்திருந்தார்கள். மடியில், காலடியில், டிக்கி மேல். தலையை எண்ணினேன். பன்னிரண்டு.

 நான் வண்டியை எனக்கு மட்டும் அளவெடுத்து வைத்திருக்கிறேன். ஒரு ஆள், அதுவும் ஐம்பத்தைந்து கிலோ. எங்கள் ஊரில் திறந்த கார் எதற்கு உபயோகப்படும், அதில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசித்ததில்லை.

மறுநாள் மில் வாசலில் ஷிப்டு விட்ட ஆறு பேரை ஏற்றினேன். மூன்று பேரை டிக்கி மேல் உட்காரச் சொன்னேன். வண்டி நகர்ந்தது. பின்னால் கீய்ய்ய் என்று இழுத்தது. நூறு கஜம் போவதற்குள் புகை.

"அண்ணே, காரு அழுகுதுண்ணே!"

"ரப்பர்ல தோசை சுடுறாரு, பேசாம இரு."

"எறங்கித் தள்ளவா, இல்ல எறங்கி ஓடவா?"

எல்லாரையும் இறங்கச் சொன்னேன். நான் எந்த வார்த்தையில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. நேரே பட்டறைக்குப் போனேன்.

லேத்துக்காரன் குனிந்து பார்த்துவிட்டு, "வெளிம்புதேன் மாப்ள, இன்னும் கொஞ்சம் தட்டணும்" என்றான். தட்டினான். பட்டறை ஆட்களை ஏற்றிப் பார்த்தோம். உரசியது. இன்னும் தட்டினான். உரசியது. பெயிண்டில் மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டது. நான் கத்தினேன். அவன் சுத்தியலைத் தூக்கி எறிந்தான்.

"ஒன் காருக்கு நான் பொறுப்பாடா? எவன் ஒன்னைய ஸ்பிரிங் பட்டையை உருவச் சொன்னது?"

"எவன் ஒன்னைய முதல்ல வெளிப்பக்கம் ஒட்டச் சொன்னது?"

அவன் கையைக் கழுவப் போனான். நான் பக்கத்துப் பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. மாஸ்டர் மைதா உருண்டையை எடுத்து உள்ளங்கையால் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் பட்ட இடமெல்லாம் மாவில் அப்படியே பதிந்திருந்தது. எங்கே அழுந்தியது, எவ்வளவு அழுந்தியது, எல்லாம் தெரிகிறது.

"அண்ணே, நாலு உருண்டை குடுங்க. சுட வேண்டாம்."

"சுடாமயா திங்கப் போறீக?"

"வண்டி திங்கப் போகுது."

மட்கார்டுக்குள் மாவு உருண்டைகளை ஒட்டினேன். வெளி விளிம்பில் ஒன்று, உச்சியில் ஒன்று, உள் சுவரில் இரண்டு. லேத்துக்காரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "குருமா ஊத்தலையா மாப்ள?" என்றான். சிரிக்கவில்லை நான். ஆட்களை ஏற்றி ஒரு சுற்றுப் போய் வந்து, ஜாக்கி போட்டு வீலைக் கழற்றிப் பார்த்தோம்.

வெளி விளிம்பில் வைத்த உருண்டை வைத்தபடி உருண்டையாகவே இருந்தது. உள் சுவரில் வைத்த இரண்டும் காகிதமாகச் சீவப்பட்டிருந்தன.

 லேத்துக்காரன் இரண்டு கையையும் சேர்த்து வீடு மாதிரிப் பிடித்து, விரல் நுனிகளை உள்ளே சாய்த்துக் காட்டினான். "பாரம் ஏறுனா வீலு தலையை உள்ள சாய்க்குது மாப்ள. வெறும் வண்டியில நிமிந்து நிக்குது. நம்ம கேனப்பய மாதிரி இம்புட்டு நாளும் வெளியவே தட்டிக்கிட்டு இருந்திருக்கோம்."

அந்த வண்டியின் பின் அச்சு அப்படிப்பட்டது. இரண்டு கையாகப் பிரிந்து நடுவில் மடங்கும். ஸ்பிரிங் பட்டையை உருவியதால் இன்னும் அதிகமாக மடங்கியது. வெளியே நீட்டுகிறது என்று வீலை உள்ளே தள்ளினோம். உள்ளே தள்ளியதுதான் உரசலே. அப்படியானால் வீலை வெளியே கொண்டுவர வேண்டும். எவ்வளவு? இரண்டு நூல். முதல் நாளே நான் கேட்ட மட்டம். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

டிரம்முக்கும் வீலுக்கும் நடுவே வைக்க இரண்டு நூல் கனத்தில் வட்டத் தகடு கடைந்தான். வீலை முடுக்கும் போல்ட்டுகளையும் நீளமானதாக மாற்றினான், நட்டு மரை முழுக்கப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. அந்த வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. வீலை மாட்டி இறக்கினோம். டயரும் மட்கார்டும் ஒரே மட்டம். உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினால் தடை இல்லை. ஆனால் ஆள் ஏற்றினால் இப்போது வெளி விளிம்பு இடித்தது. மட்கார்டுத் தகடு உள்பக்கமாக மடிந்து ஒரு உதடு மாதிரி நிற்கும், அதுதான் டயரின் தோளில் படுகிறது. சுத்தியலால் இனித் தட்டினால் பெயிண்ட் உதிர்ந்துவிடும். அந்த உதட்டை அடியோடு மேலே மடித்துப் படிய வைக்க வேண்டும். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே உருண்டையாக ஒன்றைச் செருகி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் அதுவே உருண்டு மடிக்கும். இரும்புக் குழாயை வைத்துப் பார்த்தோம், வழுக்கியது.

"மரம் வேணும் மாப்ள. வழுவழுன்னு, நீட்டமா, நல்ல வைரம் பாஞ்ச மரம்" என்றான்.

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, அவனையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எங்கள் தெருவுக்கு ஓட்டி வந்தேன். வீட்டு முற்றத்தில் அன்றைக்குத்தான் மஞ்சள் இடித்திருந்தார்கள். உலக்கை மாவிலை கட்டிச் சுவரில் சாத்தியிருந்தது. எடுத்துத் தோளில் போட்டேன். அத்தை அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள்.

"டேய்! கல்யாண உலக்கைடா அது! எங்கடா தூக்கிட்டுப் போறே? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"காருக்கு வேணும் அத்தே."

"காருக்கு உலக்கையா? நாளைக்கு அம்மியக் கேப்பே, கழுதை!"

"இது இல்லைன்னா மாப்பிள்ளை எறங்கி நடந்துதேன் வரணும்."

வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. அத்தை கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. முற்றத்தில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"எம்புட்டு நேரம் ஆகும்?" என்றாள்.

"அர மணி."

"இரும்புப் பூண் இருக்கிற பக்கம் பெயிண்ட்ல படாமப் பாத்துக்க. மரத்தை மட்டும் குடு." கரண்டியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். "இரு, நானும் வாரேன். பாரம் வேணும்ல?"

அத்தை கனமான பெண். தெருவில் நின்ற காரின் டிக்கி மேல் அவளை ஏற்றி உட்கார வைத்தோம். லேத்துக்காரன் உலக்கையை விளிம்புக்குள் செருகிப் பிடித்தான். நான் வண்டியைத் தள்ளினேன். உலக்கை உருண்டது, தகடு முனகியது, உதடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே மடிந்தது. பெயிண்ட் விடவில்லை. வெயிலில் தகடு சூடாக இருந்ததும் நல்லதாகப் போயிற்று. மறுபக்கமும் அதே மாதிரி. உலக்கையில் ஒட்டியிருந்த மஞ்சள் தூள் விளிம்பின் அடியில் ஒரு கோடாகப் பிடித்துக்கொண்டது. நான் துடைக்கப் போனேன்.

"இருந்துட்டுப் போகட்டும்டா" என்றாள் அத்தை.

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். முக்கால் மைல் இருக்கும். நடுவே வாய்க்கால் பாலத்து மேடு. மாப்பிள்ளை கோட்டு சூட்டு, மாலை. நான் நினைத்த மாதிரியே பின்சீட்டு முதுகில் ஏறி உட்கார்ந்தார். பிள்ளைகள் ஈ மாதிரி அப்பினார்கள். நான் எண்ணவில்லை. எண்ணினால் பயம் வரும்.

நாதஸ்வரம் ஆரம்பித்தது. தவில்காரர் பின்மட்கார்டுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டு இடித்தார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் கத்தினேன்.

"அண்ணே, கொஞ்சம் மெல்ல அடிங்க!"

"மெல்ல அடிக்கிறதுக்கு ஆஸ்பத்திரிக்கா வாசிக்க வந்திருக்கேன்?"

இன்னும் ஓங்கி அடித்தார். சரி, காது போனால் மூக்கு இருக்கிறது. ரப்பர் தீய்ந்தால் நாற்றம் வரும். மல்லிகை, சந்தனம், பெட்ரோல், கேஸ் விளக்கின் புகை. வேறு எதுவும் இல்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்து அதிர்வு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வாய்க்கால் மேடு வந்தது. மாப்பிள்ளை குனிந்து, "மச்சான், வண்டி தட்டுமா?" என்று கேட்டார்.

"ஆடாம உக்காருங்க மாப்பிள்ளை, அம்புட்டுதேன்."

முதல் கியரில் ஏறினேன். மேட்டிலிருந்து இறங்கியபோது பின்பக்கம் மொத்தமும் அடியோடு உட்கார்ந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். நான் மூச்சை இழுத்தேன். மல்லிகை. சந்தனம். பெட்ரோல்.

வண்டி நிற்காமல் மண்டபத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப் போனார்கள். தவில்காரரும் போனார். சத்தம் ஓய்ந்தது. நான் பட்டு வேட்டியோடு தரையில் படுத்து, ஒரு கேஸ் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பின்மட்கார்டுக்குள் தலையை விட்டேன்.

மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. ஒரு இடத்தில்கூட அழியவில்லை. மறுபக்கம் ஓடிப் போய்ப் படுத்தேன். அங்கேயும் அப்படியே. உள் சுவரைத் தடவினேன். சுத்தம். எழுந்திருக்க மனசில்லாமல் அங்கேயே கிடந்தேன். நாலு நாளாக நெஞ்சில் ஏறி நின்றது எதுவோ இறங்கிப் போனது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. யார் பார்க்கிறார்கள்?

அப்பா பார்த்தார். "என்னடா, பட்டு வேட்டியோட மண்ணுல கெடக்கே?"

"உரசலைப்பா."

குனிந்தார். விளிம்புக்கு அடியில் விரலை விட்டு இழுத்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது. அதைக் கொஞ்ச நேரம் விளக்கில் பார்த்தார். "சரி, எந்திரி. பந்தியில எலை பத்தலைங்கிறான், போய்ப் பாரு." அவர் அவ்வளவுதான் பேசுவார். எனக்குப் போதும்.

ஆடி பிறந்ததும் தங்கையைச் சீருக்கு அழைத்து வந்தோம். அத்தை ஊருக்குப் போகாமல் அவளுக்காகவே இருந்தாள். நான் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"மாப்பிள்ளை அழைப்பப் பத்தி மேலூர்ல ஏதாச்சும் பேசுனாகளா?"

"எத?"

"ஊர்வலத்த. வண்டிய."

தங்கை யோசித்தாள். "ஒண்ணும் பேசலையே அண்ணே. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அடுப்பங்கரையில் அத்தை, "அதான் சொல்றாள்ல, ஒண்ணும் பேசலையாம்" என்று சத்தமாகச் சொன்னாள். கொஞ்சம் கழித்து இன்னொரு தரமும் சொன்னாள்.